பொன் விளைந்த பூமி – பொருள் சேர்ந்தது எவன் வீட்டில்?

திருடியவன், திருடிய பொருளை உடையவனுக்கே இரவல் கொடுத்தான் என்று யாராவது சொன்னால் நாம் நம்புவோமா? "என்ன ஐயா, விளையாடுகிறீரா?" என்றுதான் கேட்போம். ஆனால் 2024-ஆம் ஆண்டில் இந்த வேடிக்கை உண்மையாகவே நடந்தது. லண்டன் நகரத்தின் இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள், தங்க ஆபரணங்களும் அரச சின்னங்களுமாக 32 பொருள்களை மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கும்மாசி அரண்மனைக்கு அனுப்பின. தானமாக அல்ல; திருப்பிக் கொடுப்பதாகவும் அல்ல. மூன்று ஆண்டு இரவலாக!

அந்தப் பொருள்களில் பல, 1874-ல் பிரிட்டிஷ் படை கும்மாசிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடி, நகரத்தைக் கொளுத்தியபோது கொண்டுபோனவை. நூற்றைம்பது ஆண்டு கழித்து அவை பிறந்த மண்ணுக்கு வருகின்றன, விருந்தாளியாக! ஏன் ஒரேயடியாகக் கொடுத்துவிடக் கூடாது என்று கேட்டால், பிரிட்டிஷ் சட்டம் இடம் கொடுக்கவில்லையாம். எடுத்துக்கொண்டு போனபோது எந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்கள்? கொளுத்துவதற்குச் சட்டம் தேவைப்படவில்லை, கொடுப்பதற்குத்தான் தேவைப்படுகிறது!

அந்தக் கும்மாசி இருக்கும் நாட்டின் பெயர் கானா. வெள்ளையன் வைத்திருந்த பெயர் "கோல்டு கோஸ்ட்" – தங்கக் கடற்கரை. அங்கே வாழ்ந்த மனிதனின் பெயரால் அழைக்கவில்லை. அங்கே கிடைத்த பொருளின் பெயரால் அழைத்தான். அந்தப் பெயரே அவன் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கவில்லையா? அந்த நாட்டின் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். தொழிலாளத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

நிலமும் நீரும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குப் புறத்தில், கினி வளைகுடாவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது கானா. மேற்கே ஐவரி கோஸ்ட், வடக்கே புர்கினா பாசோ, கிழக்கே டோகோ, தெற்கே கடல். பரப்பு ஏறத்தாழ 2,38,500 சதுர கிலோமீட்டர். 2021-ல் எடுத்த கணக்குப்படி மக்கள் தொகை 3 கோடியே 8 லட்சம். தலைநகரம் அக்ரா. அதன் பக்கத்திலுள்ள டெமா துறைமுகத்தின் வழியாகத்தான், உலகப் படத்தில் நாம் காணும் கிரீன்விச் தீர்க்கரேகை செல்கிறது.

தெற்கே கடற்கரையில் மீனவர் குப்பங்கள். சற்று உள்ளே போனால் அடர்ந்த காடு. கோக்கோவும் தங்கமும் அங்கேதான். இன்னும் வடக்கே போனால் காடு குறைந்து, புல்வெளி விரிகிறது. சோளமும் கம்பும் விளையும் வறண்ட பூமி. மார்கழி, தை மாதங்களில் சகாராப் பாலைவனத்திலிருந்து "ஹர்மட்டான்" என்ற வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசும். உதடு வெடிக்கும், பகலில் சூரியனே மங்கித் தெரியும். வடபுலத்து ஏழைகள் பிழைப்புத் தேடித் தெற்கே இறங்குவது வழிவழியாக நடப்பது. தெற்கின் தங்கச் சுரங்கங்களில் மண் வெட்டிய கைகளும், கோக்கோத் தோட்டங்களில் கூலிக்கு உழைத்த கைகளும் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தவை.

நாட்டின் நடுவே ஓடுகிறது வோல்ட்டா ஆறு. அதன் குறுக்கே அக்கோசொம்போ என்ற இடத்தில் 1965-ல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி, சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் பரப்பளவில் உலகத்திலேயே பெரியது அதுதான். அந்த அணைக்கும் ஒரு கதை உண்டு, பிறகு சொல்வோம்.

பசியை எள்ளி நகையாடும் மக்கள்

"இருண்ட கண்டம்" என்று ஆப்பிரிக்காவை வெள்ளையன் எழுதி வைத்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதையே நாமும் படித்தோம். இருட்டு கண்டத்தில் இருந்ததா, எழுதியவன் கண்ணில் இருந்ததா?

கானாவில் பல மொழிகள் வழங்குகின்றன. ஆக்கான், எவே, கா, டக்பானி முதலியன அவற்றில் பெரியவை. ஆக்கான் மக்களிடையே, குழந்தை பிறந்த கிழமையே அதற்குப் பெயராகிவிடும். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. வியாழக்கிழமை பிறந்த பெண் யா. ஐக்கிய நாடுகள் சபைக்குத் தலைமைச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைப் பிள்ளை என்பது பெயரிலேயே தெரிகிறது. சொத்தும் குலமும் தாய்வழியில் செல்வது ஆக்கான் மரபு. அரசனை முன்மொழிகிற உரிமை, தாயரசி என்று மதிக்கப்படும் மூத்த பெண்ணுக்கு உண்டு.

அவர்கள் முரசு வெறும் தாளம் போடுவதல்ல, பேசும்! ஆக்கான் மொழியில் ஒலி ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். அந்த ஏற்ற இறக்கத்தை இரட்டை முரசில் எழுப்பி, ஊருக்குச் செய்தி சொன்னார்கள்.

நெசவாளத் தோழர்களுக்கு ஒரு சேதி. "கென்டே" என்ற துணி கானாவின் பெருமை. பொன்வைரே முதலிய ஊர்களில், தறியில் ஏறத்தாழ நான்கு அங்குல அகலத்துக்கு நீளநீளமான பட்டைகளாக நெய்து, பிறகு அவற்றை ஒன்றோடொன்று தைத்துப் பெரிய போர்வையாக்குகிறார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர், ஒரு பொருள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பட்டுத் துணியை வாங்கி, நூல் நூலாகப் பிரித்து, தங்கள் தறியில் தங்கள் விருப்பப்படி நெய்தார்களாம். 2024-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ இந்த நெசவுக் கலையை உலகப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பாராட்டு வந்தது, ஆனால் வெளிநாட்டு ஆலைகளில் அச்சடித்து வரும் போலிக் கென்டே, கைத்தறிக்காரன் வயிற்றில் அடிக்கிறது. கைத்தறிக்கு எங்கும் ஒரே விதிதான் போலும்!

அக்ராவைச் சுற்றி வாழும் கா மக்களின் பெரிய விழா "ஹோமோவோ". அதன் பொருள் என்ன தெரியுமா? பசியை எள்ளி நகையாடுதல்! முன்னொரு காலத்தில் பஞ்சத்தில் வாடி, பிறகு விளைச்சல் கண்டு மீண்டதை நினைத்து ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். பயிர் விளையும் வாரங்களில் முரசுக்கும் ஓசைக்கும் தடை. விளைந்ததும் சோள மாவில் சமைத்து, ஊரே கூடி உண்டு, "பசியே, ஓடு!" என்று கேலி செய்வார்கள். அரசனைப் புகழ விழா எடுப்பார் உண்டு. பசியை இகழ விழா எடுத்த மக்களை நாம் வேறெங்கு கண்டோம்?

கோட்டைகளின் வாசலில்

1471-ல் போர்ச்சுக்கீசியன் அந்தக் கரையில் கால் வைத்தான். 1482-ல் எல்மினாவில் கோட்டை கட்டினான். முதலில் கேட்டது தங்கம். பிறகு கேட்டது மனிதன்! டச்சுக்காரன் வந்தான், டேனிஷ்காரன் வந்தான், ஆங்கிலேயன் வந்தான். கடற்கரை நெடுகக் கோட்டைகள் எழுந்தன. மேல்மாடியில் கவர்னர் துரையின் படுக்கையறை. கீழே காற்றுப் புகாத நிலவறை. அந்த நிலவறையில் நூற்றுக்கணக்கான ஆணையும் பெண்ணையும் சங்கிலியிட்டு அடைத்து, கப்பல் வந்ததும் ஒரு குறுகிய வாசல் வழியே வெளியேற்றினார்கள். "திரும்பி வராத வாசல்" என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். கேப் கோஸ்ட் கோட்டையில் நிலவறைக்கு மேலேயே கிறிஸ்துவ வழிபாடும் நடந்தது. கீழே கண்ணீர், மேலே தோத்திரம்!

உள்நாட்டு மன்னரும் வணிகரும் போரில் பிடித்த கைதிகளை விற்று அந்த வியாபாரத்தில் பங்கு கொண்டார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அடிமை வாணிபம் வெள்ளையனும் உள்ளூர்ச் செல்வனும் கைகோத்து நடத்தியது. அடிமைப்பட்டவனோ இருவராலும் கைவிடப்பட்ட ஏழை.

உள்நாட்டில் கும்மாசியைத் தலைநகராகக் கொண்டு வலிமையோடு விளங்கியது அசாந்தே அரசு. அதன் உயிர்நிலை ஒரு பொன்னாசனம். அதில் அரசனும் அமர்வதில்லை. அது தனி ஆசனத்தில் வைக்கப்படும். அது ஒருவனுடைய சிம்மாசனமல்ல, ஓர் இனத்தின் ஆன்மா என்பது அவர்கள் நம்பிக்கை. அசாந்தேயோடு பிரிட்டிஷார் பல முறை போரிட்டார்கள். 1824-ல் கவர்னர் மெக்கார்த்தியே போரில் மாண்டான். 1874-ல் கும்மாசி எரிந்தது. 1896-ல் மன்னர் பிரெம்பேயைப் பிடித்து நாடு கடத்தினார்கள்.

1900-ல் ஹாட்ஜ்சன் என்ற கவர்னர் கும்மாசிக்கு வந்தான். பொன்னாசனத்தைக் கொண்டுவா, நான் அதில் அமர வேண்டும் என்று கேட்டான். ஆண்கள் தயங்கி நின்றபோது எழுந்தவள் யார்? எஜிசுவின் தாயரசி யா அசாந்தேவா! வயது முதிர்ந்த அந்த அம்மையார், ஆண்கள் போகாவிட்டால் பெண்கள் நாங்கள் போவோம் என்று முழங்கினாள். கும்மாசிக் கோட்டைக்குள் கவர்னரையே முற்றுகையிட்டார்கள். பீரங்கி இறுதியில் வென்றது. அம்மையார் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1921-ல் அங்கேயே மறைந்தாள். ஆனால் பொன்னாசனம்? அது கடைசிவரை வெள்ளையன் கைக்குச் சிக்கவேயில்லை!

கருமான் கொண்டுவந்த கொட்டை

டெட்டே குவார்ஷி என்பவர் ஒரு கருமான், இரும்படிக்கும் தொழிலாளி. பெர்னாண்டோ போ தீவுக்கு வேலைக்குப் போனவர், திரும்பும்போது கோக்கோக் கொட்டைகளைக் கொண்டுவந்து மாம்போங் என்ற ஊரில் பயிரிட்டார். அந்த விதை நாடெங்கும் பரவியது. 1911-ல் உலகத்திலேயே அதிகமாகக் கோக்கோ விளைவிக்கும் நாடாயிற்று தங்கக் கடற்கரை. விளைவித்தவர்கள் வெள்ளைத் தோட்ட முதலாளிகள் அல்ல. சொந்த நிலத்தில் பாடுபட்ட சிறு விவசாயிகள்.

ஆனால் விலை சொல்லும் அதிகாரம்? 1937-ல் ஐரோப்பியக் கம்பெனிகள் ஒன்றுகூடி, இந்த விலைக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. விவசாயி என்ன செய்தான்? "விற்கமாட்டோம்" என்றான்! மூட்டைகள் வீட்டிலேயே கிடந்தன. கம்பெனிகளின் சீமைச் சரக்கை வாங்குவதையும் நிறுத்தினான். 1938-ன் முற்பகுதி வரை, மாதக்கணக்கில் நீடித்தது அந்தப் போராட்டம். லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் ஓடி வந்தது. கம்பெனிகளின் கூட்டைக் குறை கூறியது. வேலைநிறுத்தம் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் சொந்தமான ஆயுதமல்ல என்பதை அந்த விவசாயிகள் காட்டினார்கள்.

மூன்று சிப்பாய்களும் ஒரு திண்ணைப் படையும்

இரண்டாம் உலகப் போரில் தங்கக் கடற்கரையின் வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவில் வந்து இறங்கி, பர்மாக் காடுகளில் ஜப்பானியரோடு போரிட்டார்கள். ஜனநாயகத்துக்காகப் போர் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தால் வேலையில்லை. வாக்களித்த உதவித்தொகையும் சரியாக வரவில்லை. விலைவாசியோ ஏறிக் கிடந்தது.

1948 பிப்ரவரி 28. முன்னாள் சிப்பாய்கள், கையில் ஆயுதமில்லாமல், மனு ஒன்றை எடுத்துக்கொண்டு கவர்னரின் கோட்டையை நோக்கி நடந்தார்கள். வழியில் போலீஸ் சுட்டது. அட்ஜெட்டே, அட்டிபோ, ஓடார்ட்டே லாம்ப்டே என்ற மூவர் மாண்டார்கள். ஜப்பானியன் குண்டுக்குத் தப்பியவர்கள், யாருக்காகப் போரிட்டார்களோ அவன் குண்டுக்குப் பலியானார்கள்! அக்ரா பற்றி எரிந்தது.

அந்த நெருப்பிலிருந்து எழுந்தவர் குவாமே நிக்ருமா. 1909-ல் நிக்ரோஃபுல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்தபோது சோப்புத் தொழிற்சாலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் கூலி வேலை செய்தவர். படித்த கனவான்களோ கூடிய விரைவில் சுயாட்சி என்றார்கள். நிக்ருமா, இப்பொழுதே சுயாட்சி என்றார்! 1949 ஜூன் 12-ல் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் யார்? சொந்த வீடில்லாமல் பிறர் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கும் வாலிபர்கள், லாரி ஓட்டிகள், சந்தைப் பெண்கள், ரயில்வேத் தொழிலாளர்கள். "திண்ணைப் பையன்கள்" என்று கனவான்கள் ஏளனம் செய்தார்கள். அந்தப் பெயரையே பட்டமாக ஏற்றுக்கொண்டது அந்தப் படை.

1950 ஜனவரியில் பொது வேலைநிறுத்தம். முன்னணியில் நின்றவர்கள் செகொண்டி ரயில்வேத் தொழிலாளர்கள். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். சிறை மீண்டவர்கள் "சிறைப் பட்டதாரி" என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் குல்லாயில் பொறித்துக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள்! 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே நிக்ருமா வென்றார். மக்கள் வாக்கால் நிரப்பப்பட்ட 38 இடங்களில் 34 அவர் கட்சிக்கு. சிறைக் கதவைத் திறந்து, ஆட்சி அமைக்க அழைப்பதைத் தவிர கவர்னருக்கு வேறு வழியில்லை.

1957 மார்ச் 6. நள்ளிரவில் யூனியன் ஜாக் இறங்கியது. சிவப்பு, பொன், பச்சை வண்ணங்களின் நடுவே கறுப்பு விண்மீன் பொறித்த கொடி ஏறியது. சகாராவுக்குத் தெற்கே பிரிட்டிஷ் பிடியிலிருந்து விடுபட்ட முதல் கறுப்பர் குடியேற்ற நாடு! அமெரிக்க நீக்ரோ மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் நேரில் வந்து கண்ணீர் மல்கக் கண்டார். ஆப்பிரிக்கா முழுவதும் விடுதலை பெறாவிட்டால் எங்கள் விடுதலைக்குப் பொருளில்லை என்றார் நிக்ருமா.

கோட்டைக்குள் போனபிறகு

இனித்தான் கசப்பான பகுதி. அதையும் நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இனிப்பை மட்டும் சொல்வது பிரசாரம், இரண்டையும் சொல்வதே பாடம்.

பள்ளிக்கூடங்கள் பெருகின. டெமா துறைமுகம் எழுந்தது. அக்கோசொம்போ அணை எழுந்தது. ஆனால் அணைக்காக 80,000 மக்கள் ஊரைவிட்டுக் கிளப்பப்பட்டார்கள். மின்சாரத்தின் பெரும்பகுதி அமெரிக்கக் கம்பெனியின் அலுமினிய ஆலைக்கு, மலிவு விலையில் போயிற்று. நாட்டிலேயே பாக்சைட் கிடைக்க, அந்த ஆலையோ கச்சாப்பொருளை வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கியது! தண்ணீர் நம்முடையது, நிலம் நம்முடையது, இடம்பெயர்ந்தவன் நம்மவன்; லாபம் மட்டும் அவனுடையது!

கோக்கோ விலை 1954-ல் உச்சியில் இருந்தது. 1965-ல் அதல பாதாளத்தில் விழுந்தது. ஒரே பயிரை நம்பிய நாட்டின் கஜானா காலியாயிற்று. அதற்கு முன்பே, 1961-ல் வந்த பட்ஜெட் தொழிலாளியின் சம்பளத்தில் கட்டாயச் சேமிப்பு என்று கைவைத்தது. செகொண்டி, தக்கோராடித் தொழிலாளர்கள் செப்டம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். யார் அவர்கள்? 1950-ல் நிக்ருமாவுக்காக ரயிலை நிறுத்திய அதே தோழர்கள்! சங்கத்தின் மேல்தலைமை கட்சிக்குள் கரைந்துபோயிருந்தது. தொழிலாளியின் குரலை மேலே கொண்டுபோக ஆளில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் போராடினார்கள். விடை என்ன? விசாரணையில்லாமல் சிறை. 1958-ல் வந்த தடுப்புக் காவல் சட்டம் அவர்கள்மீதும் பாய்ந்தது. 1964-ல் ஒரே கட்சி ஆட்சி. விடுதலைப் போரில் உடனிருந்த டான்குவா, 1965-ல் சிறையிலேயே மாண்டார்.

1966 பிப்ரவரி 24-ல், நிக்ருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சதி தயாராவது வாஷிங்டனுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதைப் பின்னாளில் வெளியான அமெரிக்க அரசாங்க ஆவணங்களே காட்டுகின்றன. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று அக்ராவில் மக்கள் அவருக்காகத் தெருவில் இறங்கவில்லை. பலர் சதியைக் கொண்டாடினார்கள். அவர் சிலையை இழுத்துத் தள்ளினார்கள். ஏகாதிபத்தியம் வெளியே காத்துக்கொண்டுதான் இருக்கும். அது அதன் தொழில். உள்ளே கதவைக் காக்க வேண்டிய தொழிலாளியை வெளியே தள்ளிவிட்டால் கதவை யார் காப்பது? 1972-ல் அயல்நாட்டில் மறைந்தார் நிக்ருமா. அதே மக்கள் இன்று அவரைத் தேசத் தந்தையாகப் போற்றுகிறார்கள். அக்ராவில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. மக்கள் நன்றி கெட்டவர்கள் அல்லர். தங்களை மறந்த ஆட்சியைத்தான் அவர்கள் அன்று மறந்தார்கள்.

இன்றைய கணக்கு

அதன்பின் பல ராணுவப் புரட்சிகள். 1992-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அதுமுதல் வாக்குச்சீட்டினாலேயே ஆட்சி மாறுகிறது. 2000, 2008, 2016, 2024 ஆகிய தேர்தல்களில் ஆளுங்கட்சி தோற்று, எதிர்க்கட்சியிடம் அமைதியாகப் பதவியை ஒப்படைத்தது. துப்பாக்கியின் ருசி கண்ட பல நாடுகளுக்கு நடுவில் இது சின்ன வெற்றியல்ல.

ஆனால் வயிற்றுக் கணக்கு? உலகத்தின் கோக்கோவில் பாதிக்கு மேல் கானாவும் பக்கத்து ஐவரி கோஸ்ட்டும் நெடுங்காலம் விளைவித்து வந்திருக்கின்றன. பெரும்பகுதி கொட்டையாகவே கப்பலேறுகிறது. சாக்லேட் ஆவது ஐரோப்பாவில். 2024-ல் உலகச் சந்தையில் ஒரு டன் கோக்கோ 10,000 டாலரைத் தாண்டியது. விவசாயிக்குக் கிடைத்ததா? முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றாகிவிட்டது. மரமோ நோயாலும் பருவக் கோளாறாலும் காய்ப்புக் குறைந்து நின்றது. தங்கம் எடுப்பதில் ஆப்பிரிக்காவில் முன்னணி நாடு கானா. ஆனால் வேலையற்ற வாலிபர்கள் அனுமதியின்றிக் குழிதோண்டித் தங்கம் அரிக்க, பாதரசம் கலந்து ஆறுகள் சேறாகின்றன. 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது அரசாங்கம். 2023-ல் சர்வதேச நிதி ஸ்தாபனத்திடம் 300 கோடி டாலர் கடன். அந்த வாசலுக்கு 17-ஆவது முறை!

தங்கம் இருக்கிறது, கோக்கோ இருக்கிறது, ஆறு இருக்கிறது, அறிவும் உழைப்பும் இருக்கிறது. பிறகு ஏன் கடன்? தோண்டுகிறவன் ஒருவன், விலை வைக்கிறவன் வேறொருவன் என்பதால்தான். கொடி மாறியது 1957-ல். தராசு இன்னும் கை மாறவில்லை.

அக்ராவின் தச்சர்கள் சவப்பெட்டியைக்கூடத் தொழிலுக்கேற்ற வடிவில் செய்கிறார்கள். மீனவனுக்கு மீன் வடிவம். கோக்கோ விவசாயிக்குக் கோக்கோக் காய் வடிவம். மாண்டபிறகு அவனுடைய விளைச்சல் அவனுக்கே சொந்தமாகிறது! வாழும்போதே அது சொந்தமாக வேண்டும் என்பதுதான் 1937-ல் மூட்டையைப் பூட்டிய விவசாயியும், 1950-ல் ரயிலை நிறுத்திய தொழிலாளியும், 1961-ல் தன் ஆட்சியையே தட்டிக்கேட்ட தோழனும் கேட்டது. அந்தக் கேள்வி இரவல் பொருளல்ல, மூன்றாண்டில் திருப்பிக் கொடுப்பதற்கு. அது அவர்களுடைய சொத்து. உழைப்பவன் இருக்கும் ஒவ்வொரு நாட்டின் சொத்தும் அதுவே!